கல்லீரல் நோய்: எப்போது, எவ்வளவு விரைவாக நிபுணரிடம் போக வேண்டும்?

வாசகர் கேள்விகளும் மருத்துவரின் பதில்களும்

கேள்வி: என் கணவருக்கு வயது 54. பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. ஒவ்வொரு ரத்தப் பரிசோதனையிலும் கல்லீரல் நொதிகள் சற்றுக் கூடியே இருக்கின்றன. "ஃபேட்டி லிவர்தான், எடையைக் குறையுங்கள்" என்று ஒவ்வொரு முறையும் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அவருக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. கடைசி அறிக்கையில் எஸ்.ஜி.ஓ.டி. 60, எஸ்.ஜி.பி.டி. 64, தட்டணுக்கள் (பிளேட்லெட்) 1,35,000. கல்லீரல் நிபுணரைப் பார்க்க வேண்டுமா, நான் வீணாகக் கவலைப்படுகிறேனா?

பதில்: பார்க்க வேண்டும். உங்கள் கவலை வீணானது அன்று.

தொந்தரவு இல்லை என்பதை வைத்துக் கல்லீரலை எடைபோடக் கூடாது. அதன் மேலுறையில்தான் வலி உணரும் நரம்புகள் இருக்கின்றன. உட்பகுதியில் ஆண்டுக்கணக்கில் அழற்சி நடந்து தழும்பு படிந்தாலும் நோயாளிக்கு ஒன்றும் தெரியாது. நீங்கள் குறிப்பிட்டுள்ள இரண்டு நொதிகளும் கல்லீரல் செல்கள் காயப்படும்போது ரத்தத்தில் கசிபவை. இப்போது காயம் ஏற்பட்டுக்கொண்டிருக்கிறது என்பதை அவை சொல்லும். இதுவரை எவ்வளவு சேதம் ஆகியிருக்கிறது என்பதைச் சொல்லா. தழும்பு முற்றிய நிலையில், கசிவதற்கு நல்ல செல்களே குறைந்துபோய், நொதிகள் இயல்பு அளவுக்கு இறங்கிவிடுவதும் உண்டு. ஆகவே நொதிகள் லேசாகக் கூடியிருப்பதால் நோயும் லேசானது என்று முடிவு கட்டுவது, கல்லீரல் நோய் காலம் தாழ்த்திக் கண்டறியப்படுவதற்கு முக்கியமான காரணங்களுள் ஒன்று.

கூடியிருக்கும் ஒவ்வொரு கல்லீரல் அறிக்கைக்கும் இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும். இதற்குக் காரணம் என்ன? தழும்பு எவ்வளவு? உங்கள் கணவர் விஷயத்தில் முதல் கேள்விக்குப் பாதி விடைதான் கிடைத்திருக்கிறது. இரண்டாவது கேள்வியை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அதைக் கேட்பதற்குப் புதிய பரிசோதனைகூடத் தேவையில்லை. ஃபிப்-4 என்றொரு கணக்கு இருக்கிறது. வயதை எஸ்.ஜி.ஓ.டி. அளவால் பெருக்குங்கள்: 54 பெருக்கல் 60, ஆக 3,240. எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தை எடுங்கள்: 64-க்கு 8. தட்டணுக்களின் எண்ணிக்கையை ஆயிரத்தால் வகுத்தால் வரும் 135-ஐ அந்த 8-ஆல் பெருக்கினால் 1,080. இப்போது 3,240-ஐ 1,080-ஆல் வகுத்தால் விடை 3. இந்த விடை 1.3-க்குக் குறைவாக இருந்தால் முற்றிய தழும்பு இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. 65 வயதைக் கடந்தவர்களுக்கு இந்தக் கீழ் எல்லையை 2 என்று வைத்துக்கொள்வார்கள். 2.67-க்கு மேல் போனால் நிபுணரிடம் அனுப்ப வேண்டும். இடைப்பட்ட எண்ணுக்கு அடுத்த கட்டப் பரிசோதனை வேண்டும். உங்கள் கணவரின் எண் மேல் எல்லையையே கடந்துவிட்டது.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது தட்டணு எண்ணிக்கைதான். 1,35,000 என்பதைச் சற்றுக் குறைவு என்று கடந்துபோவது எளிது. ஆனால் கல்லீரல் இறுகும்போது குடலிலிருந்து அதற்கு வரும் ரத்தக் குழாயில் அழுத்தம் கூடுகிறது, மண்ணீரல் வீங்குகிறது, வீங்கிய மண்ணீரல் தட்டணுக்களைத் தன்னிடம் பிடித்து வைத்துக்கொள்கிறது. கல்லீரல் நோய்க்கு வாய்ப்புள்ள ஒருவருக்குத் தட்டணுக்கள் ஆண்டுக்கு ஆண்டு இறங்கிவந்தால், நொதிகளைவிட அதுவே பெரிய எச்சரிக்கை. பழைய அறிக்கைகளை எல்லாம் எடுத்து இந்த ஒரு வரியை மட்டும் தேதிவாரியாக எழுதிப் பாருங்கள். அண்மையில் வந்துபோன காய்ச்சலாலும் தட்டணுக்கள் குறையலாம் என்பதால் ஒருமுறை மீண்டும் எடுத்து உறுதி செய்வது நல்லது. ஃபிப்-4 யாரை மேற்கொண்டு ஆராய வேண்டும் என்று பிரித்துக் காட்டுமே தவிர, நோயை உறுதி செய்யாது.

அடுத்த கட்டம் எலாஸ்டோகிராஃபி, பலரும் ஃபைப்ரோஸ்கேன் என்று சொல்லும் பரிசோதனை. குறைந்தது மூன்று மணி நேரம் எதுவும் உண்ணாமல் செல்ல வேண்டும். மல்லாந்து படுத்து வலது கையைத் தலைக்குப் பின்னால் வைத்துக்கொண்டதும், வலப்பக்க விலா எலும்புகளுக்கு இடையே கருவியை வைத்து விரலால் சுண்டுவதுபோல் ஒரு மெல்லிய தட்டு தட்டுவார்கள். அந்த அதிர்வலை கல்லீரலுக்குள் எவ்வளவு வேகமாகப் பாய்கிறதோ அவ்வளவுக்குத் திசு இறுகியிருக்கிறது என்று பொருள். பத்து முறையாவது அளந்து, நடு மதிப்பைக் கிலோபாஸ்கல் கணக்கில் தருவார்கள். கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்களுக்கு 8-க்குக் கீழே வந்தால் ஆறுதல். 12 அல்லது அதற்கு மேல் வந்தால் முற்றிய தழும்பு இருக்கக்கூடும். சாப்பிட்டுவிட்டுப் போனாலும், இதயச் செயலிழப்போ கடுமையான கல்லீரல் அழற்சியோ பித்தநாள அடைப்போ இருந்தாலும் எண் பொய்யாகக் கூடும்.

காரணத்தைத் தேடுவதிலும் குறை வைக்கக் கூடாது. ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனைகள், உடலில் இரும்பு மிகுந்திருக்கிறதா என்று காட்டும் ஃபெரிட்டினும் டிரான்ஸ்ஃபெரின் செறிவும், தன்னெதிர்ப்பு நோய்களுக்கான எதிரணுக்கள், இம்யூனோகுளோபுலின் ஜி அளவு, அவர் உட்கொள்ளும் மாத்திரைகள், மூலிகைப் பொருட்கள், ஊட்டச்சத்துப் பொடிகள் ஆகியவற்றின் முழுப் பட்டியல், மது அருந்துகிறாரா என்ற நேர்மையான விடை ஆகிய அனைத்தும் வேண்டும். கல்லீரலில் கொழுப்பு இருப்பதாலேயே வேறு நோய் இல்லை என்று ஆகிவிடாது. எடையைக் குறைக்கச் சொன்ன அறிவுரை சரியானதே. எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைத்தால் அழற்சி தணியும், தழும்புகூடப் பின்வாங்கலாம். ஆனால் அந்த அறிவுரை தழும்பை அளப்பதற்கு ஈடாகாது. அடுத்த முறை மருத்துவரிடம் சண்டை போட வேண்டாம், "ஃபிப்-4 மூன்று என்று வருகிறது, எலாஸ்டோகிராஃபி எடுத்து நிபுணரிடம் அனுப்ப முடியுமா?" என்று கேளுங்கள். எண்ணை முன்வைத்துக் கேட்கும்போது பெரும்பாலான மருத்துவர்கள் மறுக்கமாட்டார்கள்.

கேள்வி: எனக்கு வயது 31. வேறொரு காரணத்துக்காக எடுத்த ஸ்கேனில் கொழுப்புக் கல்லீரல், முதல் நிலை என்று வந்தது. ரத்தப் பரிசோதனைகள் எல்லாம் இயல்பு. நானும் நிபுணரிடம் போக வேண்டுமா?

பதில்: சர்க்கரை நோய், உடல் பருமன், மிகையான மதுப்பழக்கம், குடும்பத்தில் சிரோசிஸ் (கல்லீரல் முழுவதும் தழும்பேறி இறுகிப்போகும் நிலை) ஆகியவற்றில் எதுவும் இல்லையென்றால் இப்போதைக்கு வேண்டியதில்லை. ஸ்கேன் அறிக்கையில் வரும் முதல் நிலை, இரண்டாம் நிலை என்பவை கொழுப்பின் அளவைக் குறிப்பவை. தழும்பைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை. ஃபிப்-4 கணக்கு 35 வயதுக்குக் கீழே நம்பகமானதன்று என்பதால், மேற்சொன்னவற்றில் ஏதேனும் இருந்தால் நேராக எலாஸ்டோகிராஃபி எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் ஆகியவற்றையும், ஒருமுறை ஹெபடைடிஸ் பி, சி ஆகியவற்றையும் பார்த்துவிட்டு, இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபரிசோதனை செய்தால் போதும்.

கேள்வி: நான் 47 வயதுப் பெண். ஓர் ஆண்டாக உடல் முழுவதும் அரிப்பு. இரவில் தூங்க முடிவதில்லை. தோலில் தடிப்பு எதுவும் இல்லை. களிம்புகள் பலன் தரவில்லை. அண்மையில் அல்கலைன் பாஸ்ஃபட்டேஸ் 310 என்று வந்தது. எங்கே போவது?

பதில்: தடிப்பே இல்லாத அரிப்பு மாதக்கணக்கில் நீடித்தால் தோலைத் தாண்டி யோசிக்க வேண்டும், உங்களுக்கு அந்தத் தடயம் கிடைத்திருக்கிறது. அல்கலைன் பாஸ்ஃபட்டேஸ் எலும்பிலிருந்தும் வரும், பித்தநாளங்களிலிருந்தும் வரும். காமா ஜி.டி. என்ற நொதியும் கூடியிருந்தால் பித்தநாளப் பக்கம்தான் பிரச்சினை. அடுத்து, ஸ்கேனில் பித்தநாளங்கள் விரிந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். விரிந்திருந்தால் கல்லோ கட்டியோ அடைக்கிறது. விரியாமல் இருந்தால் ஏ.எம்.ஏ. எனப்படும் எதிரணுப் பரிசோதனை செய்ய வேண்டும்.

உங்கள் வயதில் உள்ள பெண்களுக்குப் பிரைமரி பிலியரி கோலாஞ்சைட்டிஸ் என்ற நோய் இந்தத் தோற்றத்தில்தான் பெரும்பாலும் வருகிறது. உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலே கல்லீரலுக்குள் உள்ள நுண்ணிய பித்தநாளங்களைத் தாக்குகிறது. இந்நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஏ.எம்.ஏ. இருக்கும், அதுவும் நொதியும் ஒத்துப்போனால் பெரும்பாலும் திசுச் சோதனை இல்லாமலே நோயை உறுதி செய்துவிடலாம். அர்சோடிஆக்சிகோலிக் அமிலம் என்ற மாத்திரையை, எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 13 முதல் 15 மில்லிகிராம் என்ற கணக்கில் தருவார்கள். நோய் முற்றுமுன் தொடங்கினால் அதன் வேகத்தை நன்றாகக் கட்டுப்படுத்தும். ஏறத்தாழ ஓராண்டு முடிந்ததும் மருந்துக்கு நோய் இணங்குகிறதா என்று அளந்து பார்ப்பதும், இணங்காவிட்டால் வேறு மருந்து சேர்ப்பதும் நிபுணரின் வேலை. சில வாரங்களுக்குள் அவரைப் பார்த்துவிடுங்கள்.

இதற்கிடையே கண் மஞ்சளானாலோ, மலம் வெளிறினாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ அந்தச் சில வாரங்களும் கிடையாது. வலியே இல்லாமல் வரும் மஞ்சள் காமாலை கணையப் புற்றுநோயின் முதல் அறிகுறியாக இருக்கலாம். மஞ்சள் காமாலையுடன் குளிர்க்காய்ச்சலும் வலது மேல்வயிற்று வலியும் சேர்ந்தால் பித்தநாளத்தில் கிருமித் தொற்று. அன்றைய தினமே மருத்துவமனையில் சேர வேண்டும்.

கேள்வி: ரத்த தானம் செய்யப் போனபோது எனக்கு ஹெபடைடிஸ் பி இருப்பது தெரியவந்தது. வயது 38. நொதிகள் இயல்பு. "நீங்கள் கேரியர்தான், ஒன்றும் செய்ய வேண்டாம்" என்கிறார்கள். அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: விட்டுவிட வேண்டாம். உலக சுகாதார அமைப்பின் மதிப்பீட்டின்படி 2022-இல் உலகெங்கும் ஏறத்தாழ 25.4 கோடிப் பேர் நாள்பட்ட ஹெபடைடிஸ் பி தொற்றுடன் வாழ்ந்தார்கள். அவர்களில் நோய் கண்டறியப்பட்டவர்கள் சுமார் 13 சதவீதம் மட்டுமே. தற்செயலாக நீங்கள் அந்தச் சிறு பகுதிக்குள் வந்துவிட்டீர்கள். அந்த வாய்ப்பை ஒரே ஒரு சொல்லை நம்பி இழக்கக் கூடாது.

இந்த வைரஸ் ஏறி இறங்கும் இயல்புடையது; ஒரு நாள் எடுத்த இயல்பான நொதி அறிக்கை அன்றைய நிலையை மட்டுமே காட்டும். வைரஸ் பெருகுவதைக் காட்டும் ஹெச்.பி.இ. ஆன்டிஜென், வைரஸின் டி.என்.ஏ. அளவு, ஹெபடைடிஸ் டி, எலாஸ்டோகிராஃபி ஆகியவற்றுடன் ஒருமுறையாவது நிபுணரைச் சந்தித்து, மருந்து வேண்டுமா, கண்காணிப்பு போதுமா என்று முடிவு செய்துகொள்ளுங்கள். கண்காணிப்பு என்றால் முதல் ஓராண்டில் மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதத்துக்கோ ஆண்டுக்கோ ஒருமுறை. ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்குச் சிரோசிஸ் இல்லாமலேயே கல்லீரல் புற்றுநோய் வரக்கூடும் என்பதால், குடும்பத்தில் யாருக்காவது அந்தப் புற்றுநோய் இருந்திருந்தால் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை ஸ்கேன் எடுப்பது அவசியம். பிற்காலத்தில் வேறு நோய்க்காகக் கீமோதெரபியோ, நோய் எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் ரிடுக்ஸிமாப் போன்ற மருந்தோ, அதிக அளவு ஸ்டீராய்டோ தர நேர்ந்தால் இந்தத் தொற்றை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அடங்கியிருக்கும் வைரஸ் அப்போது உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்குச் சீறி எழலாம். வீட்டில் உள்ள அனைவரும் பரிசோதித்து, தொற்றும் எதிர்ப்பாற்றலும் இல்லாதவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

கேள்வி: என் தந்தைக்கு வயது 67. வயிறு உப்பி, கால்கள் வீங்கியிருக்கின்றன. ஸ்கேனில் சிரோசிஸ் என்றும், வயிற்றில் நீர் கோத்திருக்கிறது என்றும் வந்தது. நிபுணரைப் பார்க்க எட்டு வாரம் கழித்துத்தான் தேதி கிடைத்திருக்கிறது. இரவெல்லாம் விழித்திருந்து பகலில் தூங்குகிறார். அதுவரை காத்திருக்கலாமா?

பதில்: காத்திருக்க வேண்டாம். இந்த இதழ் உங்கள் கைக்கு வரும் நாளிலேயே அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

முதன்முறையாக வயிற்றில் நீர் சேர்வது, கல்லீரல் இதுவரை ஈடுகட்டி வந்த சுமையை இனித் தாங்க முடியவில்லை என்பதன் அடையாளம். அந்த நீரில் ஊசியால் சிறிதளவு எடுத்துச் சோதிக்க வேண்டும். ஒரு கன மில்லிமீட்டரில் நியூட்ரோஃபில் வெள்ளணுக்கள் 250 அல்லது அதற்கு மேல் இருந்தால் நீரில் கிருமித் தொற்று இருக்கிறது. காய்ச்சலோ வலியோ இல்லாமலும் அது இருக்கக்கூடும், தாமதித்தால் சிறுநீரகத்தையும் கெடுக்கும். மருத்துவமனையில் சேர்ந்த 12 மணி நேரத்துக்குள் இந்தச் சோதனை நடக்கிறதா என்று பணிவாகவும் உறுதியாகவும் கேளுங்கள். தட்டணுக்கள் குறைவு, ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். கூடுதல் என்ற காரணங்களுக்காக மட்டும் இதைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

இரவும் பகலும் இடம் மாறிய தூக்கம் முதுமையின் இயல்பாக இல்லாமலும் இருக்கலாம். கல்லீரல் நீக்கத் தவறிய நச்சுப் பொருட்கள் மூளையை மந்தப்படுத்துவதன் தொடக்கம் பெரும்பாலும் இப்படித்தான் வெளிப்படும். இரு கைகளையும் முன்னே நீட்டி, மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கி, விரல்களை விரித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். கைகள் அவ்வப்போது சட்டென்று தாழ்ந்து மீண்டால் அது முக்கியமான அடையாளம். ஒரு தாளில் அவர் பெயரை எழுதச் சொல்லிப் பழைய கையெழுத்துடன் ஒப்பிடுங்கள். எழுத்து கோணலாகி வரி இறங்கிப்போயிருந்தால் அந்தத் தாளையும் மருத்துவரிடம் காட்டுங்கள். மலச்சிக்கல், கிருமித் தொற்று, ரத்தக் கசிவு, தூக்க மாத்திரை இவற்றில் ஏதாவது ஒன்று பெரும்பாலும் இதைத் தூண்டியிருக்கும். லாக்டுலோஸ் மருந்தைத் தினமும் இரண்டு மூன்று முறை மலம் இளகிப்போகும் அளவுக்குத் தருவார்கள்.

ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளை அறவே தவிர்த்துவிடுங்கள். இந்நிலையில் அவை சிறுநீரகத்தை முடக்கும். தூக்கம் வரவில்லை என்று தூக்க மாத்திரை கொடுத்துவிடாதீர்கள். உப்பைக் குறைக்க வேண்டும். புரதத்தைக் குறைக்கக் கூடாது. தசை கரைந்துபோவது இந்த நோயாளிகளுக்குப் பெரிய இழப்பு. ரத்த வாந்தியோ, தார் போன்ற கருமையான மலமோ கண்டால் ஒரு நிமிடமும் தாமதம் கூடாது.

மருத்துவமனையில் நிலைமை சீரானதும் கல்லீரல் நோயின் கடுமையைக் காட்டும் மெல்டு மதிப்பெண் எவ்வளவு என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அது 15 அல்லது அதற்கு மேல் இருந்தாலும், வயிற்றில் நீர், மூளை மந்தம், ரத்தக் கசிவு இவற்றில் ஒன்று வந்துவிட்டாலும் கல்லீரல் மாற்று மையத்தின் கருத்தைக் கேட்கலாம். மாற்று சிகிச்சை கட்டாயம் நடக்கும் என்பது இதன் பொருளன்று; உடல் தாங்கும் நிலையில் இருக்கும்போதே அந்தக் கதவைத் தட்டிப் பார்ப்பதற்காகத்தான்.

கேள்வி: எங்கள் குழந்தைக்கு ஐந்து வாரம். மஞ்சள் காமாலை இன்னும் மறையவில்லை. தாய்ப்பாலால் வருவது, தானாகப் போய்விடும் என்கிறார்கள். மலம் களிமண் நிறத்தில் போகிறது.

பதில்: நாளைக்குத் தள்ளாமல் இன்றே குழந்தைகள் நல மருத்துவரிடம் சென்று, மஞ்சள் நிறமியான பிலிரூபினில் நேரடி வகையின் அளவைத் தனியாகப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். தாய்ப்பாலால் வரும் மஞ்சள் காமாலையில் மலம் வெளிறாது. நிறை மாதத்தில் பிறந்த குழந்தைக்கு 14 நாட்களுக்குப் பிறகும் மஞ்சள் நீடித்தாலே இந்தப் பரிசோதனை செய்ய வேண்டும்; மலம் வெளிறி, சிறுநீர் துணியில் மஞ்சள் கறை பிடிக்கும் அளவுக்கு அடர்ந்திருந்தால் பித்தநாளமே அடைபட்டுப் போகும் பிலியரி அட்ரீசியாவாக இருக்கலாம். அதற்குரிய, கல்லீரலுடன் குடலை இணைத்துப் பித்தத்துக்கு வழி செய்யும் கசாய் என்ற அறுவை சிகிச்சை பிறந்த 60 நாட்களுக்குள் நடந்தால்தான் பலன் நன்றாக இருக்கும். இன்னும் முன்பே நடந்தால் மேலும் நல்லது. உங்களுக்கு மூன்று வாரத்துக்குச் சற்று மேல்தான் காலம் இருக்கிறது. அடுத்த மலத்தை நல்ல வெளிச்சத்தில் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் சொல்வதைவிடக் காட்டுவது விரைவில் வேலை செய்யும்.

கேள்வி: என் தம்பிக்கு வயது 36. தினமும் குடிக்கிறான். பத்து நாட்களாகக் கண்கள் மஞ்சளாக இருக்கின்றன. "குடியை நிறுத்திவிட்டு அப்புறம் டாக்டரிடம் போகிறேன், இப்போது போனால் திட்டுவார்கள்" என்கிறான்.

பதில்: இந்த வரிசையை மாற்றுங்கள், அக்கா. முதலில் மருத்துவமனை, குடியை அங்கே நிறுத்தலாம். தினமும் மிகுதியாகக் குடிப்பவர் வீட்டில் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாட்களுக்குள் நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம். அவை உயிரையும் பறிக்கலாம். மருத்துவமனையில் தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் உரிய மருந்துகளும் தந்து பாதுகாப்பாக நிறுத்த வைப்பார்கள்.

குடிப்பவருக்குப் புதிதாக வரும் மஞ்சள் காமாலை மதுவால் வந்த கடுமையான கல்லீரல் அழற்சியாக இருக்கலாம். பிலிரூபினையும் ரத்தம் உறையும் நேரத்தையும் கொண்டு கணக்கிடும் மேட்ரே மதிப்பெண் 32 அல்லது அதற்கு மேல் வந்தால் நோய் கடுமையானது. கிருமித் தொற்று இல்லை என்று உறுதி செய்தபின் சிலருக்கு ஸ்டீராய்டு தந்து, ஏழாவது நாளில் பலன் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். இவை எல்லாம் நாட்கணக்கில் எடுக்க வேண்டிய முடிவுகள்.

ஆறு மாதம் குடிக்காமல் இருந்தால்தான் மாற்றுக் கல்லீரலைப் பற்றிப் பேசவே முடியும் என்று பல இடங்களில் நீண்டகாலம் சொல்லப்பட்டது. 2011-இல் வெளியான பிரெஞ்சு, பெல்ஜிய ஆய்வில், மருந்துக்கு இணங்காத கடுமையான நோயாளிகளில் கவனமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டுக் காத்திருப்பின்றிக் கல்லீரல் மாற்று சிகிச்சை பெற்றவர்களில் 77 சதவீதம் பேர் ஆறு மாதம் கழித்து உயிருடன் இருந்தார்கள். அது கிடைக்காத ஒத்த நோயாளிகளில் 23 சதவீதம் பேர்தான். அதன்பிறகு பல மையங்கள் அந்தக் கட்டாயத்தைத் தளர்த்தியிருக்கின்றன. தம்பியிடம் இதைச் சொல்லுங்கள். திட்டு வாங்குவோம் என்ற அச்சத்தில் வீட்டிலேயே கிடந்து இறந்துபோகிறவர்களை நினைக்கும்போது, எங்கள் தொழிலில் இருப்பவர்கள் பேசும் விதம் மாற வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. அவர் எவ்வளவு குடிக்கிறார் என்று கேட்பது மருந்தை முடிவு செய்வதற்காக. உண்மையான அளவைச் சொல்லட்டும்.

கேள்வி: நிபுணரிடம் அனுப்ப எங்கள் குடும்ப மருத்துவர் ஒப்புக்கொண்டார். ஆனால் கடிதத்தில் "கல்லீரல் பிரச்சினை, ஆலோசனைக்கு" என்று ஒரே வரிதான் இருக்கிறது. இது போதுமா?

பதில்: போதாது. வரிசையில் யாரை முன்னே அழைப்பது என்று முடிவு செய்பவர் பல இடங்களில் நோயாளியைப் பார்ப்பதில்லை, கடிதத்தைத்தான் பார்க்கிறார். சந்தேகிக்கும் நோய், எவ்வளவு அவசரம், பிலிரூபின், அல்புமின், ஐ.என்.ஆர்., தட்டணுக்கள், ஃபிப்-4, எலாஸ்டோகிராஃபி அளவு, ஹெபடைடிஸ் பி, சி முடிவுகள், ஸ்கேன் அறிக்கை, மது அருந்தும் அளவு, உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவை அதில் இருக்க வேண்டும். மருத்துவருக்கு நேரமில்லையென்றால் நீங்களே ஒரு தாளில் இவற்றைத் தேதியுடன் எழுதிக்கொண்டு போய், "இதைக் கடிதத்துடன் இணைக்கலாமா?" என்று கேளுங்கள். அனுப்பியபின் ஒரு வாரத்தில் அங்கே தொலைபேசியில் அழைத்து, கடிதம் வந்து சேர்ந்ததா, எந்த அவசரப் பிரிவில் வைத்திருக்கிறார்கள் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். காத்திருக்கும் காலத்தில் கண் மஞ்சளானாலோ, வயிறு உப்பினாலோ, நடத்தையில் குழப்பம் தெரிந்தாலோ, மலம் கறுத்தாலோ அந்த முன்பதிவை மறந்துவிட்டு நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். கடிதத்தின் நகலும் கையில் இருக்கட்டும்.